நாற்பது நாள் ஞாபகம்

கோமதிநாயகத்தை அவருடைய அறுபத்தாறு வயதுக்குள் ஒரு ஜீவன்கூட "என் அன்பே" என்று கூப்பிட்டதில்லை. கட்டிய மனைவியே "ஏங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ஆல்தமோரா நகரத்தில் இறங்கிய முதல் நாளே ஐந்து பேர் கூப்பிட்டுவிட்டார்கள். விமான நிலையத்தில் தரை துடைத்தவள் கூப்பிட்டாள், பழச்சாறு விற்றவள் கூப்பிட்டாள். கேபிள் காரில் எதிரே உட்கார்ந்திருந்த கிழவர்கூட "தலையைக் குனிந்து ஏறுங்கள், என் ராஜா" என்றார். மனிதர் வேர்த்து விறுவிறுத்துப் போனார்.

காதில் மாட்டியிருந்த மெஷின் ஸ்பானிஷைக் கேட்டு அந்த நொடியிலேயே தமிழில் சொன்னது. அதுவும் செய்தி வாசிக்கிற தமிழில். அதனால் அந்த அன்பெல்லாம் அரசாங்க அறிவிப்பு மாதிரி காதில் விழுந்தது.

"ஏம்மா, இந்த மெஷின் தப்பாச் சொல்லுதோ?" என்று மகளிடம் ரகசியமாகக் கேட்டார்.

"இல்லப்பா. இங்க எல்லாருமே எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. நம்ம ஊர்ல அண்ணாச்சின்னு சொல்ற மாதிரி வச்சுக்கோங்க" என்றாள் ஆதிரை.

பக்கத்தில் மனைவி செண்பகவல்லி சிரித்தாள். அவள் சிரித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கோமதிநாயகம் அதைக் கவனித்துக்கொண்டார், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் செண்பகவல்லிக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டாள், பேச்சும் கையும் திரும்பிவிட்டன. இடது கால் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. வலது காலை எடுத்து வைத்து, ஒரு நொடி நின்று, இடது காலைத் தரையோடு இழுத்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி ஊன்றினால்தான் அடுத்த அடி. கோவில்பட்டிக் கடைத்தெருவில் ஒருத்தி அவள் காதுபடவே "எப்படி நடந்த பொம்பளை, பாவம்" என்றுவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்குள் போனவள்தான். அதற்குப் பிறகு வாசல் கேட்டைத் தாண்டவில்லை. உப்பு வேண்டுமானாலும் கோமதிநாயகம்தான் போக வேண்டும். இந்த நகரத்தின் போக்குவரத்துத் துறையில் பொறியாளராக இருக்கும் மகள், "இங்க உங்கள யாருக்கும் தெரியாதும்மா, வாங்க" என்று மன்றாடியதால்தான் இந்தப் பயணம்.

கேபிள் கார் மலையேறியது. காலுக்குக் கீழே செங்கல் நிறத்தில் வீடுகள், வீட்டுக்கு மேல் வீடு. சுவரெல்லாம் கிளியும் பூவும் ஆள் முகமுமாக வண்ணம்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த மலைல போலீஸே ஏறாது" என்றாள் ஆதிரை. "தெருவுக்கு ஒரு கும்பல், தினமும் துப்பாக்கிச் சண்டை. கீழ வேலைக்குப் போறவங்க முந்நூத்தம்பது படி இறங்கணும், சாயங்காலம் அத்தனையும் ஏறணும்."

"நம்ம ஊரா இருந்தா ஆள அள்ளிட்டுப் போயி முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொட்டியிருப்பானுவ" என்றார் கோமதிநாயகம்.

"இங்க ஆள அசைக்கலப்பா. படிய அசைச்சாங்க."

அப்படித்தான் லாஸ் நூபேஸ் என்ற அந்தப் பேட்டைக்கு எஸ்கலேட்டர் வந்தது. மலை அடியிலிருந்து உச்சிவரை திறந்தவெளியில் ஆறு அடுக்கு. அதைப் பார்க்கத்தான் இப்போது உலகமெல்லாம் வந்து குவிகிறது. மற்ற எஸ்கலேட்டருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். படிக்கு முன்னால் பதித்த தகட்டில் காலை வைத்ததுமே யார் என்று இதற்குத் தெரியும். முகத்தைப் பார்ப்பதில்லை. கனம் எவ்வளவு, ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடைவெளி எவ்வளவு, எந்தக் கால் இழுக்கிறது என்பதை வைத்துப் பேட்டை ஆள் ஒவ்வொருவரின் நடையையும் படித்து வைத்திருக்கிறது. கிழவர் ஏறினால் கிழவர் வேகம், கர்ப்பிணி ஏறினால் அவள் வேகம். ஒரு அடுக்கில் பத்துப் பேர் நின்றால், அதில் யார் ரொம்ப மெதுவோ அவருக்குத் தக்கபடி மொத்தமும் ஓடும்.

கோமதிநாயகத்துக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். லிஃப்டின் தரையில் ஐந்து ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தி வைப்பார். மேலே போய் நிற்கும்வரை நாணயம் விழாமல் இருந்தால்தான் கையெழுத்து. மந்திரி வீட்டு லிஃப்டாக இருந்தாலும் அதே நாணயம், அதே பரீட்சை.

"மிஷினுக்கு ஆள் தெரியக் கூடாது. ஆள் தெரிஞ்சுட்டா அங்கன ஓரவஞ்சன வந்துரும்" என்றார்.

"உங்க ஆசை நிறைவேறப் போகுது" என்றாள் மகள். குரலில் ஒரு சலிப்பு. "இன்னும் பதினஞ்சு நாள்ல தணிக்கை. நான்தான் செய்யணும். படி மெதுவாப் போறதால சுற்றுலாக் கூட்டம் தேங்கி நிக்குதுன்னு மேலிடத்துல நெருக்கடி. எல்லாருக்கும் ஒரே வேகம் வைக்கிற புதுசு தயாரா இருக்கு. ஆனா சும்மா மாத்த முடியாது, பேட்டை ஆளுங்க விடமாட்டாங்க. பழசுல கோளாறுன்னு காட்டணும்."

"என்ன கோளாறு?"

"நாப்பது நாள் ஒருத்தர் படியில கால் வைக்கலன்னா, படி அவங்க நடைய மறந்துரணும். செத்தவங்க நடை ஒண்ணாவது இன்னும் இருந்தா, படி ஆள தப்பா அடையாளம் காணுதுன்னு அர்த்தம். ஒண்ணு போதும், மொத்த ஞாபகத்தையும் அழிச்சிரலாம்."

"சரிதானே" என்றார் தகப்பனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் மனைவியை அழைத்துக்கொண்டு படியடிக்கு வந்துவிட்டார். வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் சட்டம். ஆதிரை வேலைக்குப் போயிருந்தாள். வெளியூர்க்காரர்களைப் படிக்குத் தெரியாது, தெரியாதவர்களுக்குச் சாதாரண வேகம்தான். செண்பகவல்லி படியின் வாயில் நின்றாள். ஒவ்வொரு படியாக முளைத்து மேலே போய்க்கொண்டிருந்தது. வலது காலைத் தூக்கினாள், படி போய்விட்டது. மறுபடி தூக்கினாள், அதுவும் போய்விட்டது. பின்னால் கூட்டம் சேர்ந்தது. "மெதுவாக, என் அன்பே, அவசரமே இல்லை" என்று நாலைந்து குரல் ஒரே நேரத்தில் சொன்னது. அந்தக் கருணைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"போதும், திரும்பிருவோம்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. கோமதிநாயகத்துக்கு அந்தப் படியைக் கடப்பாறையால் நெம்பிப் போட்டுவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

அப்போதுதான் சிவப்புக் குடை பிடித்த ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சுற்றுலா வழிகாட்டி, அறுபதை நெருங்கும் வயது. "நான் ருபியேலா. இந்தப் பேட்டைக்காரி" என்றது காது மெஷின். அவள் செண்பகவல்லியின் காலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவளை நாலடி பின்னால் கூட்டிப்போய், இடுப்பைச் சுற்றிக் கை போட்டு, தன் கனத்தையும் கொஞ்சம் அவள் மேல் சாய்த்துக்கொண்டாள்.

"படியை மறந்துவிடுங்கள். வீட்டுக்குள் நடப்பது போல நடங்கள். வலது. ஒரு மூச்சு. இப்போது இடதை இழுங்கள். அவ்வளவுதான்."

படி வேகம் குறைந்தது. குலுங்கவில்லை, முனகவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு 'நீ வா, நான் நிற்கிறேன்' என்று சொல்கிற மாதிரி நின்றது. செண்பகவல்லி ஏறினாள். அடுக்கு மொத்தமும் ஆமை வேகத்தில் நகர்ந்தது. மேலே நர்ஸ் உடுப்பில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "மறுபடியுமா? ஏழரைக்கு நான் மேல் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும்!" என்று கத்தினாள். ருபியேலா அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

உச்சியில் ஒரு முற்றம். கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஊர், கம்பியில் தொங்கிப் போகும் கேபிள் கார்கள், எதிர் மலையில் மேகம். ருபியேலா பாலாடைக்கட்டி உருண்டையைப் பொரித்து வாங்கிக் கொடுத்தாள். "போண்டாதான்ங்க இது, உள்ள ஒண்ணும் வைக்கல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, செண்பகவல்லி மூன்று தின்றாள். பதிலுக்குக் கைப்பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். காற்றில் முந்தானை பறந்தது. அதை அவள் அடக்கவே இல்லை.

"நாளைக்கும் வருவமா?" என்று கேட்டாள். கோமதிநாயகம் எதிர் மலையைப் பார்த்தார். அழுகிற ஆள் இல்லை அவர், ஆனால் அன்றைக்குக் கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

தினமும் போனார்கள். ஆனால் அவர் மண்டைக்குள் இருந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு கேள்வி. வெளியூர்க்காரியான செண்பகவல்லியைப் படிக்கு எப்படித் தெரிந்தது? 'மறுபடியுமா' என்றாளே அந்த நர்ஸ், அதற்கு என்ன அர்த்தம்?

நாலாம் நாள் மனைவியை மேலே ருபியேலாவோடு விட்டுவிட்டு, தான் மட்டும் நாணயத்தோடு இறங்கி வந்தார். ஏறி, படியில் நாணயத்தை நிறுத்தினார். பாதி தூரத்தில் படி திடீரென்று மெதுவானது. நாணயம் அசையவில்லை. முப்பத்து நான்கு வருஷத்தில் இப்படி ஒரு பிரேக்கை அவர் பார்த்ததில்லை. உடம்பு புல்லரித்துவிட்டது. யாருக்காக நின்றது என்று திரும்பினால், கீழே ஒரு ஒல்லிப் பெண் தோளில் அரிசி மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தாள். வலது, ஒரு மூச்சு, இடது காலை இழுத்து ஊன்றல். ஐயோ பாவம் என்று நினைத்தார்.

கால் மணி நேரம் கழித்து அதே பெண் பக்கத்துப் பாதையில் இறங்கினாள், விடுவிடென்று, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு. தோளில் அதே மூட்டை.

மறுநாள் ரொட்டிக்கடைக்காரர் அதே நொண்டல் நொண்டினார். அவர் தடித்த ஆள், தோளில் மூட்டை இல்லை. அதற்கு மறுநாள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், புத்தகப் பை இரண்டோடு. மூன்று பேருக்கும் ஒரே கால், ஒரே இழுப்பு.

நேரே ருபியேலாவிடம் போனார். "இந்தப் படியை ஊரே சேர்ந்து ஏமாற்றுகிறீர்கள்" என்றார். காது மெஷினுக்குப் புரிந்து அதை ஸ்பானிஷில் சொல்ல வேண்டுமே என்று அவரும் செய்தித் தமிழிலேயே பேசினார்.

அவள் மறுக்கவில்லை. "உட்காருங்கள், என் அன்பே" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"அது என் கணவர் நடை. அனீபால். சிமென்ட் மூட்டை தூக்குகிறவர். கெட்ட காலத்தில் இடது முழங்காலில் குண்டு பாய்ந்தது. அதற்குப் பிறகும் பதினொரு வருஷம் அந்தக் காலோடு முந்நூற்றைம்பது படி ஏறினார். இந்த எஸ்கலேட்டர் வேண்டும் என்று நகரசபை வாசலில் போய் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். படி முதன் முதலில் கற்றுக்கொண்டதும் அவர் நடையைத்தான். இறந்து நாலு வருஷம். நாற்பது நாளில் படி அவரை மறந்துவிடும் என்றார்கள். நாங்கள் விடவில்லை. நாளுக்கு ஒருவராக முறை வைத்து அவரைப் போல நடக்கிறோம். ஒல்லியான ஆள், அவர் கனம் வருவதற்கு, மூட்டை தூக்கிக்கொள்ள வேண்டும்."

"செத்தவருக்காக உயிரோடு இருப்பவர்களை நிறுத்தி வைப்பது நியாயமா?"

பின்னாலிருந்து வேறு குரல் வந்தது. அந்த நர்ஸ். "கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள்! அனீபால் எனக்கும் மாமாதான். எனக்கும் அழுகை வரும். ஆனால் காலை ஏழு மணிக்கா அவரை நடக்க வைப்பது? இந்த மாதம் மூன்று தடவை வார்டுக்குத் தாமதமாகப் போனேன்."

ருபியேலா முகம் வாடிவிட்டது. "அவர் ஏழு மணிக்குத்தான் ஏறுவார்" என்றாள் சின்னக் குரலில்.

கோமதிநாயகம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பேனா எடுத்துவிட்டால் அவருக்கு எல்லாம் தெளிந்துவிடும். "ஏழு மணி கூடாது. ஒன்பதுக்கு மேல். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். யார், என்றைக்கு என்று எழுதி ஒட்ட வேண்டும்" என்று ஒரு காகிதத்தில் ஏழு நாளுக்கும் கட்டம் போட்டார். செவ்வாய்க்கிழமைக்கு ஆள் இல்லை, அந்த முறைக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டாராம். அந்தக் கட்டம் காலியாகவே நின்றது.

போட்டு முடித்த பிறகுதான் தாம் என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. எந்தக் கோளாறைத் தேடி மகள் வரப்போகிறாளோ, அதற்கு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மகளிடம் வாயைத் திறக்கவில்லை.

"அப்ப நான் ஏறுனது அந்த மனுசன் நடையிலயா?" என்று செண்பகவல்லி யோசித்தாள். "அதான் அந்தப் பொம்பள என் கால அப்படிப் பாத்தா. நீங்க ஆதிரைட்ட சொல்லப் போறீகளா?"

"பொய்க் கையெழுத்து நான் போட்டதில்ல."

"உங்கள யாரு கையெழுத்துக் கேட்டா?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

தணிக்கை நாள் வந்தது. "சும்மா வந்து நில்லுங்கப்பா, உங்க கண்ணுக்குத் தப்பாது" என்று ஆதிரை அவரையும் கூட்டிப்போனாள். படியடியில் பேட்டையே நின்றது. மினுமினுக்கும் ஷூ போட்ட மேலதிகாரி ஒருவர் அடிக்கடி மணி பார்த்தார். ருபியேலா சிவப்புக் குடையை மடக்கிக் கையில் வைத்திருந்தாள். செண்பகவல்லி பழக்கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

ஆதிரை கைத்திரையில் ஒவ்வொரு பெயராகத் தள்ளினாள். படி வந்த பிறகு பேட்டையில் இறந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். நாற்பத்திரண்டு நடை அழிந்திருந்தது. நாற்பத்து மூன்றாவதில் விரல் நின்றது.

"அனீபால்" என்று வாசித்தாள். "இறந்து நாலு வருஷம். இன்று காலை ஒன்பது பத்துக்கு ஏறியிருக்கிறார்."

மேலதிகாரியின் முகம் மலர்ந்தது. இந்த ஒரு வரியோடு அந்தப் பேட்டையில் உள்ள அத்தனை கிழவர் கிழவியின் நடையும் போய்விடும். கோமதிநாயகத்துக்கு அது தெரியும். மலை உச்சியில் பறந்த அந்த முந்தானையும் கண்ணில் நின்றது.

"ஒன்பது பத்துக்கு ஏறியவள் என் மனைவி" என்றார்.

ஆதிரை திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அன்று காலை செண்பகவல்லிதான் ருபியேலாவைப் பிடித்துக்கொண்டு ஏறியிருந்தாள்.

"அப்படியானால் நடந்து காட்டட்டும்" என்றார் அதிகாரி.

கோமதிநாயகம் மனைவியிடம் போனார். "நடக்கணும், செண்பகம்."

"எல்லாரும் பாக்காகளே."

"ஆமா. பாப்பாக."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். ஐம்பது அறுபது பேர், ஊர்க்காரர்களும் கேமரா மாட்டிய சுற்றுலாக்காரர்களும். கடைத்தெருவில் ஒருத்தி பார்த்ததற்கே எட்டு மாதம் வீட்டுக்குள் கிடந்தவள். எழுந்தாள். சேலையைக் கொசுவத்தோடு தூக்கிச் செருகிக்கொண்டாள், கால் நன்றாகத் தெரியும்படி. வலது. ஒரு மூச்சு. இடதை இழுத்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி ஊன்றல். ருபியேலா பக்கத்தில் வந்து இடுப்பில் கை போட்டாள். இருவரும் ஏறினார்கள்.

படி நின்றது. அவள் இடது காலுக்காகக் காத்திருந்து, மெல்ல நகர்ந்தது. ஆதிரையின் கைத்திரையில் நாற்பத்து மூன்றாவது பெயர் பச்சையாக ஒளிர்ந்தது.

"கனம் இரண்டு பேருடையது" என்றார் அதிகாரி, விடாமல், ருபியேலா பக்கம் திரும்பி. "அம்மா, நீங்கள் சொல்லுங்கள். இது உங்கள் கணவருடைய நடை இல்லையா?"

ருபியேலா படியில் நின்றபடியே கீழே பார்த்தாள். நாலு வருஷம். தினமும் ஒருவரைப் பிடித்து, மூட்டையைத் தூக்க வைத்து, மழையிலும் விடாமல் காப்பாற்றிய ஒன்று. அதை இப்போது அவர் இல்லை என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாருடையதும் போகும். அந்த வேதனையைப் பார்த்துக்கொண்டு நிற்க கோமதிநாயகத்தால் முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லை" என்றாள் ருபியேலா. "இது இந்த அம்மாவின் நடை. பெயர்தான் தவறாக இருக்கிறது. மாற்றிக்கொள்ளுங்கள்."

ஆதிரை மாற்றினாள். அனீபால் என்ற எழுத்து அழிந்து, அந்த இடத்தில் செண்பகவல்லி என்று விழுந்தது. இந்த நகரத்தில் குடியிருப்பவரின் தாய், வந்திருப்பவர், கோளாறு எதுவும் இல்லை என்று கீழே குறிப்பு எழுதினாள். மேலதிகாரி மணியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். பேட்டை சத்தம் போடவில்லை. ரொட்டிக்கடைக்காரர் மட்டும் கோமதிநாயகத்தின் இரண்டு கன்னத்தையும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். மனிதர் அதையும் தாங்கிக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்பும் நாளன்று ருபியேலா வந்தாள். செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் பேர நான் எடுத்துக்கிட்டேனே" என்று அழுதாள்.

"பெயர்தானே போனது, என் அன்பே" என்றாள் அவள். "நீங்கள் தினமும் ஏறி ஏறி அந்த நடையே கொஞ்சம் மாறிவிட்டது. பாதம் வெளிப்பக்கம் திரும்புகிறதே, அது உங்களுடையது. இப்போது படி நிற்பது அவருக்கா உங்களுக்கா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்."

கோவில்பட்டி திரும்பிய பிறகு எல்லாம் பழையபடி ஆனது. செண்பகவல்லி உள்ளறை, கோமதிநாயகம் கடைத்தெரு. காலண்டரில் அவர் நாற்பதாவது நாளைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார். அனீபால் பெயரே போன பிறகு அந்த நடையை யார் நடக்கப்போகிறார்கள், அன்றைக்குப் படி அவளை மறந்துவிடும். அவளிடம் சொல்லவில்லை. அந்த நாள் வந்தது, போனது. அன்று அவர் இரண்டு தரம் சோற்றில் உப்பு அதிகம் என்று சண்டை போட்டார்.

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆதிரை வீடியோவில் அழைத்தாள். அங்கே காலை ஒன்பது தாண்டியிருந்தது. பின்னால் படியடி தெரிந்தது, சிவப்புக் குடையும் தெரிந்தது. சுவரில் அவர் போட்டுக் கொடுத்த அட்டவணை, கண்ணாடிச் சட்டத்துக்குள்.

"நாப்பது நாள் தாண்டிருச்சே" என்றார் கோமதிநாயகம், பொறுக்க முடியாமல்.

"தாண்டிருச்சுப்பா. பாருங்க." கைப்பேசியை ருபியேலாவிடம் கொடுத்துவிட்டு, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு அவள் நடந்தாள். வலது. ஒரு மூச்சு. இடது காலைத் தரையோடு இழுத்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி ஊன்றினாள். படி மெதுவாகி அவளுக்காக நின்றது. அட்டவணையில் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் தமிழில் ஒரு பெயர் எழுதியிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

"அம்மா திரும்ப வரும்போது படிக்குத் தெரியணுமில்ல" என்று மேலே நகர்ந்துகொண்டே கத்தினாள். "மத்த நாளெல்லாம் இவங்க நடக்கறாங்க. நர்ஸ்கூட ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிட்டா!"

செண்பகவல்லி திரையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தன் நடையை அவள் இதுவரை பார்த்ததில்லை. கண்ணாடியில்கூடப் பார்க்காமல் ஒதுங்கிப் போகிறவள். மகள் மறுபடி இறங்கி வந்து இன்னொரு தடவை நடந்து காட்டும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் இப்படியாங்க நடக்கேன்?"

"இப்படித்தான்."

"பாக்க ஒண்ணும் மோசமா இல்லையே" என்றாள்.

பிறகு கைப்பேசியை அவரிடம் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். உப்பு தீர்ந்துவிட்டது, தான் போய் வாங்கி வருவதாகச் சொன்னாள். கேட்டைத் திறந்துகொண்டு அவள் தெருவில் இறங்கி நடப்பதை, கோமதிநாயகம் ஆல்தமோராவுக்கும் தெரியும்படி கைப்பேசியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார்.